முதல்ல ஒரு ஸ்டூலைப் போடுங்க சாமி

போன சனிக்கிழமை ஆபீஸ்ல ஒரு பயிற்சி வகுப்பு. தலைப்பு 'மனநிலையை மாற்று, வேலையை நேசி'. சனிக்கிழமை எங்களுக்கு லீவு. லீவு நாள்ல கூப்பிட்டு உக்கார வெச்சு வேலையை நேசிக்கச் சொல்றது எப்படி இருக்குன்னு அங்க யாருக்கும் உறைக்கலையா, இல்ல உறைச்சும் என்னை மாதிரியே வாயை மூடிட்டு இருந்தாங்களான்னு தெரியலை. மதியம் பிரியாணி இருந்துச்சு, அதையும் சொல்லிடணும்.

வந்த பயிற்சியாளர் நல்லாப் பேசினார். மூணு கொத்தனார் கதை சொன்னார். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஒருத்தன் கல்லு அடுக்குறேன்னானாம், ஒருத்தன் சுவர் கட்டுறேன்னானாம், மூணாமவன் கோயில் கட்டுறேன்னானாம். மூணாமவனுக்குத்தான் வேலையில திருப்தியாம். நான் இந்தக் கதையை இதுவரைக்கும் மூணு கம்பெனியில கேட்டாச்சு. மூணு பேருக்கும் கூலி எவ்வளவு, உச்சி வெயில்ல ஒதுங்க நிழல் இருந்துச்சா, சாயங்காலம் எத்தனை மணிக்கு விட்டாங்கன்னு ஒருத்தராவது சொல்லணுமே. ம்ஹூம்.

அப்புறம் தும்பா படம். இங்க வேலை பார்க்கிற யாருக்கும் அந்தப் படத்தைக் காட்டாம எந்தப் பயிற்சியும் முடியாது. ராக்கெட்டோட முனைப் பகுதியை சைக்கிள் கேரியர்ல வெச்சுத் தள்ளிட்டுப் போற படம். எங்க ஆபீஸ்ல இருந்து தும்பா ரொம்பத் தூரமில்லை. 1963 நவம்பர் 21 அன்னைக்கு முதல் ராக்கெட் அங்கிருந்துதான் போச்சு. மேரி மக்தலீன் தேவாலயம்தான் அன்னைக்கு அவங்களுக்கு ஆபீஸ். நம்ம ராமேஸ்வரத்துக்காரர் கலாமும் அந்தக் கூட்டத்துல இருந்தார். "அவங்களுக்கு என்ன வசதி இருந்துச்சு? மனசு இருந்துச்சு!"ன்னு பயிற்சியாளர் கையைத் தட்டினார். நாங்களும் தட்டினோம்.

எனக்கு ஒரு சந்தேகம். அந்த சைக்கிள்காரர்கிட்ட யாராவது "மனநிலையை மாத்திக்கோ"ன்னு வகுப்பு எடுத்திருப்பாங்களா? தான் தள்ளிட்டுப் போறது என்ன, அது எங்க போகப் போகுதுன்னு அவருக்குக் கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. நான் பொட்டி தட்டுறது எந்த ஊர்ல எந்த மனுஷனுக்கு உபயோகம்னு கேட்டா என் டேமேஜருக்கே பதில் தெரியாது. இதுல மாத்த வேண்டியது என் மனசையா? அப்புறம், அந்த ராக்கெட் தளத்துக்காக வீட்டையும் கோயிலையும் விட்டுக்கொடுத்து இடம் பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் அந்தப் படத்துல இல்லை. பயிற்சி வகுப்புக்கு எது தேவையோ அதுதான் படத்துல இருக்கும்.

நிற்க. (நீங்க உக்காந்தே படிக்கலாம், அதைப் பத்தின பதிவுதான் இது.)

நான் குடியிருக்கிறது ஸ்ரீவராகத்துல. கோட்டைக்குத் தெற்கால, வராக மூர்த்தி கோயிலும் பெரிய குளமுமா இருக்கிற பழைய ஏரியா. இங்கயும் வலியசாலை, கரமனைப் பக்கமும் தலைமுறை தலைமுறையா தமிழ் பேசுற வீடுகள் உண்டு. சாலைக் கடைத்தெருவுல பாதி வியாபாரம் தமிழ்லயே நடக்கும். அதனால தங்கமணிக்கு ஊரை விட்டு வந்த வருத்தம் முக்கால்வாசி குறைஞ்சுது. மீதி கால்வாசி, திருச்சி இண்டர்சிட்டியில ஏறினாத்தான் குறையும்.

எங்க வீட்டுக்காரம்மாவோட நாத்தனார் மாடியிலேயே ஒரு அறையில இருக்காங்க. அறுபதைத் தாண்டியாச்சு. சாலையில ஒரு ஜவுளிக்கடையில இருபது வருஷத்துக்கு மேல புடவைப் பிரிவுல நின்னவங்க. நாங்க ஜவுளிக்கடைச் சேச்சின்னு சொல்லுவோம். சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு முடிஞ்சு ஈஞ்சக்கல் பைபாஸ் நெரிசல்ல மாட்டி வீடு வந்து சேர்ந்தா, அவங்க திண்ணையில காலை நீட்டி, முட்டிக்குக் கீழ தைலம் தேய்ச்சுட்டு இருந்தாங்க. கெண்டைக்கால்ல நரம்பு கயிறு மாதிரி முறுக்கிட்டு நீலமா நிக்கும்.

"எந்தா மோனே, இன்னிக்கு லீவுதானே?"

நான் வகுப்பைப் பத்திச் சொன்னேன். மூணு கொத்தனார் கதையும் சொன்னேன். சேச்சி கேட்டுட்டு, "எங்க முதலாளியும் சொல்லும். கஸ்டமர் தெய்வம்னு நினைச்சா கால் வலிக்காதுன்னு"ன்னாங்க. சிரிச்சுட்டே.

அதுக்கப்புறம் அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன். காலைல ஒன்பதரைக்குப் போனா ராத்திரி எட்டரை, ஓணம்னா பத்து. அத்தனை நேரமும் நிக்கணும். ஆள் இல்லாத மதியத்துலயும் நிக்கணும். சுவத்துல சாஞ்சா கேமராவுல பார்த்துட்டு மேல இருந்து போன் வரும். உக்காந்தா சம்பளத்துல பிடிப்பாங்க. புடவை மடிக்கிற சாக்குல தரையில குத்த வெச்சு ரெண்டு நிமிஷம் காலுக்கு ஓய்வு கொடுக்கிறது ஒரு தந்திரம். பாத்ரூம் போறது தொல்லைன்னு தண்ணி குடிக்கவே மாட்டாங்களாம். ஊத்தப்பை எரிச்சல் வராத பொண்ணு அந்த மாடியில கிடையாதாம். இதெல்லாம் சொல்லிட்டு, "ஆனா மோனே, எனக்குப் புடவை விக்கிறது ரொம்ப இஷ்டம். கல்யாணப் பொண்ணு வந்தா முகத்தைப் பார்த்தே எந்தக் கலர் எடுப்பான்னு சொல்லிடுவேன்"ன்னாங்க.

அந்தக் கடைசி வரியிலதான் நான் மாட்டிக்கிட்டேன். மனநிலை, நேசம், அர்ப்பணிப்புன்னு பயிற்சியாளர் மூணு மணி நேரம் தேடினாரே, அது இந்தம்மாகிட்ட ஆரம்பத்துல இருந்தே இருந்திருக்கு. இல்லாம இருந்தது ஒரு ஸ்டூல்.

'அங்காடித் தெரு' பார்த்தவங்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்காது. 2010ல வசந்தபாலன் ரங்கநாதன் தெருவை அப்படியே காட்டினார். நாம கண்ணைத் துடைச்சுட்டு அடுத்த தீபாவளிக்கு அதே மாதிரிக் கடைக்குப் போய், "ஏம்மா, அந்த மேல் அடுக்குல இருக்கிறதை எடு"ன்னோம். நானும்தான்.

கோழிக்கோட்டுல ஒருத்தங்க அப்படி விடலை. விஜி. தையல் வேலை பார்த்தவங்க. மிட்டாய்த் தெருக் கடைகள்ல வேலை பார்த்த பெண்களுக்குப் போக ஒரு கழிப்பறைகூட இல்லாம இருந்துச்சு. அந்தப் பிரச்சினையில தொடங்கி 'பெண்கூட்டு'ன்னு ஒரு அமைப்பு உருவாச்சு. அடுத்தது உக்காரும் உரிமை. 2014 கடைசியில திருச்சூர்ல ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் தொடங்கின போராட்டத்துக்குப் பேரே 'இரிக்கல் சமரம்', அதாவது உக்காரும் போராட்டம். மாசக்கணக்கா கடை வாசல்லயே இருந்தாங்க. ஆமா, உக்காந்துதான் :-)

2018ல கேரள அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம்னு கொண்டு வந்துச்சு. அந்த வருஷம் பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல விஜி பேர் வந்துச்சு. 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு சட்டமன்றத்துலயும் இதே மாதிரி ஒரு திருத்தம் வந்து, 1947ஆம் வருஷச் சட்டத்துல 22-அ ன்னு ஒரு பிரிவு சேர்ந்துச்சு. பிரிட்டன்ல கடைப் பெண்களுக்கு இருக்கை கொடுக்கணும்னு சட்டம் வந்தது 1899ல. நமக்கு ஒரு ஸ்டூல் கப்பலேறி வந்து சேர 119 வருஷம் ஆகியிருக்கு.

இப்ப இதுல மனநிலை எங்க வருதுன்னு கேட்பீங்க. வருது. அந்தப் பெண்கள் மனநிலை மாறினது உண்மை. ஆனா பயிற்சியாளர் சொன்ன திசையில இல்லை. 'நம்ம தலையெழுத்து, நின்னுதான் ஆகணும்'ங்கிற மனசு, 'இது தப்பு, நாலு பேரைச் சேர்த்துக் கேட்கலாம்'னு மாறுச்சு. எனக்குத் தெரிஞ்சு வேலையில மரியாதையையும் நிறைவையும் கொண்டு வந்த மனமாற்றம் அது ஒண்ணுதான். அதைச் சொல்லித்தர எந்தக் கம்பெனியும் சனிக்கிழமை பிரியாணி போடாது.

என் கதைக்கு வரேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2022ல எனக்கு வேலையே வெறுத்துப் போச்சு. அமெரிக்க மேற்குக் கரையில கிளையண்ட். அவங்களுக்குக் காலை பத்துன்னா நமக்கு ராத்திரி பத்தரை. குளிர்காலத்துல அது பதினொன்றரை. தினமும் கால். காலைல ஒன்பதுக்கு இங்க ஸ்டேண்டப். (பாருங்க, நம்ம வேலையிலயும் நிக்கச் சொல்றாங்க.) பொண்ணு தூங்கினப்புறம் வீட்டுக்கு வந்து, அவ எழுந்திரிக்கிறதுக்குள்ள கிளம்பின நாள் நிறைய. அவ பள்ளிக்கூடத்துல குடும்பப் படம் வரையச் சொன்னப்ப என்னைக் கதவுக்குப் பின்னாடி பாதி உடம்பா வரைஞ்சிருந்தா. கதவு மூடியிருக்கு, உள்ள அப்பா கால்ல இருக்காராம். தங்கமணி அதை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சா. ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தாத் தேவலை.

மனிதவளத் துறையில போய்ச் சொன்னேன். அக்கறையாத்தான் கேட்டாங்க. ஒரு மொபைல் ஆப் கொடுத்தாங்க, மூச்சுப் பயிற்சிக்கு. ஒரு நோட்டும் கொடுத்து தினமும் நன்றி சொல்ல வேண்டிய மூணு விஷயம் எழுதச் சொன்னாங்க, 21 நாள். எழுதினேன் மக்களே. முதல் நாள், நல்ல வேலை, நல்ல குடும்பம், நல்ல ஊர். பதினோராம் நாள், கால் பத்து நிமிஷம் முன்னாடி முடிஞ்சுது, கரண்ட் போகலை, மூணாவது ஒண்ணும் இல்லை. பதினாலாம் நாள் நோட்டைக் காணோம். பொண்ணு அதுல பூனை வரைஞ்சுட்டு இருந்தா.

மாற்றம் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? டீமுல நாங்க நாலு பேர் ஒரு நாள் கேண்டீன்ல புலம்பிட்டு இருந்தப்ப, கொல்லத்துக்காரப் பையன் ஒருத்தன், "நம்ம சேர்ந்து ஒரு மெயில் போட்டால் எந்தா?"ன்னான். அப்படி ஒரு வழி இருக்குன்னே எனக்குத் தோணியிருக்கலை. தனித்தனியா முணுமுணுக்கத்தான் எங்களைப் பழக்கியிருக்காங்க. நாலு பேர் கையெழுத்தோட ஒரு மெயில். தினமும் ராத்திரி கால் வேண்டாம், வாரம் ரெண்டு நாள், அதுவும் நம்ம நேரம் எட்டு மணிக்கு, மீதி எழுத்துல. டேமேஜர் முகம் சுருங்கிப் போச்சு. "கிளையண்ட் என்ன நினைப்பாங்க"ன்னார். வேற வழியில்லாம அனுப்பினார். கிளையண்ட் பக்கத்து அம்மா அன்னைக்கே பதில் போட்டாங்க. அவங்களுக்கும் பத்து மணி ஒத்துவரலையாம், வேற மீட்டிங்கோட இடிக்குதாம், ஏழரைதான் வசதியாம். ஒன்றரை வருஷமா ஒருத்தரும் கேட்கலை, அவ்வளவுதான்.

அடுத்த மாசமே நான் யாரும் கேட்காம ஒரு வேலை செஞ்சேன். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற ஒரு பழைய மாட்யூல். தொட்டா உடையும்னு எல்லாரும் ஒதுக்கி வெச்சிருந்தது. முப்பத்தஞ்சு நிமிஷம் ஓடிட்டு இருந்ததை நாலு நிமிஷத்துக்குக் கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தங்கமணிகிட்ட அரை மணி நேரம் அதைப் பத்தியே அறுத்தேன். அவளுக்கு ஒண்ணும் புரியலை, ஆனா கேட்டா. எத்தனை நாளாச்சு நீங்க ஆபீஸைப் பத்தி நல்லதாப் பேசின்னா.

உத்வேகம்னு ஒண்ணை என் மண்டைக்குள்ள யாரும் ஊத்தலை. மேல போட்டிருந்த கல்லை எடுத்ததும் அதுவா எழுந்துச்சு.

"நீங்க ஒரு ஆள் கதையை வெச்சு எல்லாப் பயிற்சியையும் திட்டலாமா"ன்னு கேட்கிறவங்களுக்காக ஒரு ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டுல வில்லியம் ஃபிளெமிங்னு ஒரு ஆராய்ச்சியாளர், பிரிட்டன்ல 233 நிறுவனங்கள்ல 46,336 ஊழியர்களோட தகவலை எடுத்துப் பார்த்தார். 2024ல வெளியாச்சு. மனநல ஆப், தியானம், மன உறுதிப் பயிற்சி இதுல எல்லாம் கலந்துக்கிட்டவங்க, கலந்துக்காதவங்களை விட நல்லா இருக்கிறதாத் தெரியலை. விதிவிலக்கு ஒண்ணே ஒண்ணு, தன்னார்வத் தொண்டு. உலக சுகாதார நிறுவனமும் 2019ல 'பர்ன் அவுட்'டை வேலை இடத்துல தீராத அழுத்தத்தால வர்றதுன்னுதான் வரையறுத்துச்சு. வேலை இடத்துல, கவனிங்க. மண்டைக்குள்ளன்னு சொல்லலை.

இன்னொரு ஆய்வும் பயிற்சி வகுப்புகள்ல அடிபடும். ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளர்கள் சிலர் தங்களை நோயாளியைக் குணப்படுத்துறவங்களா நினைச்சு நிறைவோட வேலை செஞ்சாங்கன்னு. 2001ல ரெஸ்னியெவ்ஸ்கியும் டட்டனும் எழுதின கட்டுரையில வர்றது. நல்ல கட்டுரை. ஆனா வகுப்புல சொல்றது பாதிதான். அந்தப் பணியாளர்கள் நினைப்பை மட்டும் மாத்தலை, வேலையையே மாத்தினாங்க. நோயாளிகிட்ட நின்னு பேசினாங்க, தங்களுக்குக் கொடுத்த வேலையைத் தாண்டித் தாங்களாவே சிலதைச் செஞ்சாங்க. அப்படிச் செய்ய கொஞ்சம் இடம் இருந்துச்சு. சேச்சி கடையில கேமரா இருந்துச்சு.

சிரிச்சுட்டே எழுதிட்டு வந்தேன், இந்த ஒண்ணை அப்படி எழுத முடியலை. 2024 ஜூலையில இந்தக் கேரளத்துப் பொண்ணு ஒண்ணு, 26 வயசு, சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட், புனேயில ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்துல சேர்ந்து நாலே மாசத்துல இறந்து போச்சு. அளவில்லாத வேலைதான் என் பொண்ணைக் கொண்டு போச்சுன்னு அந்தம்மா நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதினாங்க. நிறுவனம் அதை ஏத்துக்கலை. செப்டம்பர்ல சென்னையில ஒரு கல்லூரி விழாவுல ஒன்றிய நிதியமைச்சர் இதைக் குறிப்பிட்டு, அழுத்தத்தைத் தாங்குற உள்வலிமையை வீட்டுல சொல்லித்தரணும், அது இறை நம்பிக்கையால வரும்ங்கிற பொருள்ல பேசினாங்க. எதிர்ப்பு வந்ததும், இறந்த பொண்ணைக் குறை சொல்லலைன்னு விளக்கமும் வந்துச்சு. குறை சொன்னாங்களா இல்லையாங்கிறது எனக்கு முக்கியமில்லை. ஒரு பொண்ணு செத்தப்புறமும் கேள்வி அவளோட மனசு பக்கமே திரும்புது பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம். பொண்ணு வளர்க்கிறேன் நானும். அவளுக்கு உள்வலிமை சொல்லித்தருவேன். எட்டு மணி நேரம்னா எட்டு மணி நேரம்னும் சேர்த்துச் சொல்லித்தருவேன்.

எங்க அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில ஃபிட்டர். வேலையை அப்படி நேசிச்ச மனுஷனை நான் பார்த்ததில்லை. ரிட்டயர் ஆகியும் ரயில் போனா சத்தத்தை வெச்சே சக்கரத்துல என்ன கோளாறுன்னு சொல்லுவார். அவருக்கு யாரும் மனநிலைப் பயிற்சி கொடுக்கலை. சங்கு ஊதும், சைக்கிளை எடுப்பார், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுல இருப்பார். சாயங்காலம் எங்களுக்குக் கணக்கு சொல்லித்தருவார். அந்தச் சங்கு சும்மா ஊதலை. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலைச் சங்கத் திடல்ல துப்பாக்கிச் சூட்டுல அஞ்சு தொழிலாளிங்க செத்திருக்காங்க. சென்னையில சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினது அதுக்கும் முன்னாடி, 1923ல. அதுக்குச் சரியா நூறு வருஷம் கழிச்சு, 2023 ஏப்ரல்ல, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடுற மசோதா நம்ம சட்டமன்றத்துல நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பினதும் மே தினத்தன்னைக்கு வாபஸ் ஆச்சு. பிரான்ஸ்ல 2017லயும் ஆஸ்திரேலியாவுல 2024லயும், வேலை நேரம் முடிஞ்சா ஆபீஸ் போனை எடுக்காம இருக்கிற உரிமையைச் சட்டமாக்கியிருக்காங்க. அங்க இருக்கிற நம்மாளுங்க அதைப் பயன்படுத்துறீங்களா, இல்ல 'நம்ம பேர் கெட்டுடும்'னு பத்து மணிக்கும் எடுத்துப் பேசுறீங்களா? உங்க மனசாட்சிக்கே விடுறேன்.

வெளியூர் வந்து வேலை பார்க்கிற நம்ம ஜனங்களுக்கு இதுல ஒரு தனி வியாதி இருக்கு. கிடைச்சதே பெரிசு, நாம போய் அவங்க ஊர்ல உரிமை கேட்கலாமாங்கிற கூச்சம். எனக்கும் இருந்துச்சு. அந்தக் கொல்லத்துப் பையன் உள்ளூர்க்காரன், அவனுக்கு அந்தக் கூச்சம் இல்லை. சங்கம், சமரம்னு கேட்டே வளர்ந்தவன். கேரளத்துல இதைப் பத்தி நாம அடிக்கிற ஜோக்குக்கு அளவே இல்லை, எல்லாத்துக்கும் கொடி பிடிப்பாங்கன்னு. அந்தக் கொடியோட நிழல்லதான் என் ராத்திரி தூக்கம் திரும்பி வந்துச்சு.

வகுப்பு முடிவுல எல்லாருக்கும் ஒரு சீட்டு கொடுத்தாங்க. 'என்னிடம் நான் மாற்றிக்கொள்ளப் போகும் ஒன்று' எழுதணுமாம். நான் 'இனிமே சனிக்கிழமை வர மாட்டேன்'னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலை.

நேத்து பொண்ணுக்குப் பாவாடைத் துணி எடுக்க சாலைக்குப் போனோம். சேச்சி வேலை பார்த்த கடை இல்லை, வேற. கவுண்டருக்குப் பின்னாடி பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்துச்சு, அதுல துணி மூட்டை ஏத்தி வெச்சிருந்தாங்க. நமக்கு மட்டும் மெத்தை போட்ட பெஞ்ச். தங்கமணி உக்காரலை. "நீங்களும் உக்காருங்க, உக்காந்தே காட்டுங்க"ன்னா. அந்தப் பொண்ணு தலையைத் தூக்கி மூலையில இருந்த கேமராவைப் பார்த்துச்சு. அப்புறம் மூட்டையைக் கீழ இறக்கிச்சு.

அஞ்சு பாவாடைத் துணி பார்த்தோம். மயில் கழுத்துக் கலர்ல ஒண்ணு எடுத்தோம்.

டிஸ்கி: வீட்டுக்கு வந்து சேச்சிகிட்ட காட்டினேன். இந்தக் கலர் மோளுக்குச் சேராது, மாத்திட்டு வான்னுட்டாங்க.